வெந்நீரில் விழுந்த மவுத்பீஸ்

அக்காவுக்கு இரண்டு நாளாகச் சளி. கிருமி சாகட்டும் என்று, காலையில் அவளுடைய சாக்ஸபோனின் மவுத்பீஸைக் கொதிக்கும் நீரில் போட்டேன். தீக்குச்சி உரசியது போல வாடை வந்தது. வாயில் வைக்கும் அந்தக் கருப்பு ரப்பர் வெளிறிப் பச்சையாகி, விளிம்பும் கோணியது. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் சூடு தாங்காது. நான் வேதியியல் பட்டதாரி.

துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

எட்டு வருடமாக ஓட்டல் வரவேற்பறைகளில், மற்றவர்கள் பேச்சு கெடாதபடி மென்மையாக ஜாஸ் வாசிப்பவள் அக்கா. அவள் வாசித்துப் பதிந்து அனுப்பிய மெட்டைக் கேட்டு இசைக் கம்பெனிக்காரர் அழைத்திருந்தார். இன்று நேரில் அதே குழைவு வந்தால் முதல் ஆல்பம்.

ஸ்டுடியோவில் பெட்டியைத் திறந்ததும் முகர்ந்தாள்.

"என்னடி பண்ணின?"

"சுடுதண்ணில போட்டேன்க்கா."

"ஏட்டுச் சுரைக்காய்னு உன்னப் பாத்துதான் சொல்லியிருக்காங்க."

"வேற இல்லையா?"

"கத்துக்குறப்ப வாங்கின பிளாஸ்டிக் வீட்டுல இருக்கு. வாத்து மாதிரி கத்தும்."

உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்பெனிக்காரருக்குப் பின்னால் நின்றேன். மூன்று முறை வாசித்தாள். மூன்று முறையும் சுரம் கரகரத்து உடைந்தது.

அவர் மைக்கில் கேட்டார். "அனுப்பினது இது இல்லையேம்மா. கம்ப்யூட்டர்ல மெருகு போட்டியா?"

"இல்ல சார். சளி."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பஸ்ஸில் நிறுத்தம் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. இன்று வந்தது.

"சார், அவ ஏமாத்தல. அவ மவுத்பீஸ நான்தான் வெந்நீர்ல போட்டுக் கெடுத்துட்டேன்."

"நீ யாரும்மா?"

"தங்கச்சி."

"கெடுக்குறதுக்கு வீட்டுலயே ஆள் வச்சிருக்கியாம்மா?" என்று மைக்கில் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வா. அப்பவும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

வெள்ளிக்கு நான்கு நாள். புது மவுத்பீஸ் வாய்க்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். வழியில் ஒன்று வாங்கினாள். வீடு வரை பொறுக்கவில்லை, கடையின் பின்படியிலேயே உட்கார்ந்து ஒரே சுரத்தை நீட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவது நொடியில் சுரம் ஆடியது.

"ஆடுச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது.

"ஆடுச்சுக்கா."

"சரி, பாத்துக்கிட்டே இரு" என்று மூச்சை இழுத்தாள்.