எப்போதும் உடன் வைத்திருக்கவும்

அவன் கொதிநீரிலிருந்து பால் புட்டிகளை இடுக்கியால் எடுத்து மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மச்சினி வந்தாள். நிறைமாதம். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்காமலே நாற்காலியில் சாய்ந்தாள்.

"சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கீங்க மாமா."

"ரெண்டு பக்கமும் அழுக்குதான்."

அவள் சிரிக்கவில்லை. வந்த காரியம் அவனுக்குத் தெரியும். நாளைக் காலை அவளுக்குச் சிசேரியன். அக்காவுக்குச் சிசேரியனுக்கு முன் போட்ட ஊசிமருந்தின் பெயரை அவளுடைய டாக்டர் கேட்டிருந்தார். போனில் மூன்று முறை கேட்டாள். ஞாபகமில்லை என்று மூன்று முறையும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

பெயர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன், அந்த ஊசி ஏறிய நான்காம் நிமிடம் மனைவிக்கு மூச்சடைத்தது. உள்ளறையில் தூங்குகிற குழந்தையை மட்டும் காப்பாற்றினார்கள். லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி என்றார்கள். மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து அவள் பெயருக்கே ஓர் அட்டை தபாலில் வந்தது. இந்த மருந்து இவருக்கு ஆகாது. எப்போதும் உடன் வைத்திருக்கவும். அவளுக்காக இனிச் செய்ய வேண்டியதென்று யாரும் எழுதிக்கொடுத்த ஒரே வேலை அதுதான். குளிக்கும்போதுகூடக் கண்ணில் படும்படி ஜன்னலில் வைத்துக்கொண்டான். படித்தவன் செய்கிற காரியமில்லை. அட்டை இருக்கிறதென்று சொன்னால் கேட்பார்கள், கொடுக்க வேண்டிவரும்.

"அக்காவையும் கேட்டாங்கல்ல, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு?"

"கேட்டாங்க. என்னைக் காட்டி, 'இவர் சமையல்தான் ஒத்துக்காது'ன்னா. நர்ஸ் சிரிச்சுக்கிட்டே 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டாங்க."

"அவ அப்படித்தான் சொல்லுவா." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நாளைக்கு என்னைக் கேப்பாங்க மாமா. நான் என்ன சொல்லட்டும்?"

அடுப்பை அணைத்தான். பை உள்பக்கம் போயிருந்ததால் கழுத்து வழியே கைவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஞாபகமில்லைன்னீங்க."

"பொய்."

அவள் கடைசி வரிவரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"போட்டோ மட்டும் எடுத்துக்கறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

மேசை முழுக்க ஈரம். அட்டையைத் தன் வயிற்றின்மேல் வைத்துப் போனை மேலே பிடித்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. அட்டை துள்ளியது. படத்தில் எழுத்து கலங்கிவிட்டது.

"ஒரு நிமிஷம் சும்மா இரு," என்றாள், குனிந்து.

அது அடங்கட்டும் என்று இருவரும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டை மறுபடி அசைந்தது.