எட்டாம் நம்பர் பிளக்

கணக்கு வாத்தியாருக்கு நாற்பது வயதில் முடி கொட்டியது, ஐம்பதில் சர்க்கரை வந்தது, ஐம்பத்தெட்டில் ஸ்பார்க் பிளக் வந்து சேர்ந்தது. முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவதுதான் தலைகால் புரியவில்லை.

மகள் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, மெக்கானிக் அண்ணனுக்குக் காய்ச்சல். நான் பழைய பிளக்கைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். புதுசா நாலு வாங்கிட்டு வர முடியுமா? கம்பெனி பேரை மெசேஜ்ல அனுப்புறேன். இப்ப இருந்தது ஏழாம் நம்பர். ஒரு படி குளிர்ந்ததா வேணும், எட்டு."

நல்ல வேலையை உதறிவிட்டுப் பந்தயக் கார் ஓட்டப் போகிறேன் என்று அவள் வந்து நின்ற நாளில், "நீ பண்றது தப்பு" என்றார் வாத்தியார். மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. இன்றுதான் ஒன்று கேட்டிருக்கிறாள். நாளைக் காலையில் பந்தயம். மனுஷர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

கடையில் முதல் குழப்பம். தீப்பொறி விடவே பிறந்த சாமான் எப்படிக் குளிர்ந்திருக்கும்? கண்ணாடிப் பெட்டிமேல் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே சூடுதான்.

"தொட்டா தெரியாது சார்," என்றார் கடைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஓடுற இஞ்சின்ல சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ளுறது குளிர்ந்த பிளக். பந்தய வண்டிக்கு அதான் தாங்கும். சூடானதை மாட்டினா நுனி பழுத்து, நேரத்துக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வெச்சு, பிஸ்டன்லயே ஓட்டை விழும்."

"அப்ப எட்டு குடுங்க."

"நீங்க சொல்ற கம்பெனில எட்டு தீந்துபோச்சு. வேற கம்பெனி எட்டு இருக்கு. மரை, நீளம் எல்லாம் அதேதான். ஆனா நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதுக்கும் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

போனை எடுத்தார். ஒரு மணி அடிப்பதற்குள் கட் பண்ணினார். நாலு பிளக் வாங்கத் துப்பில்லை என்று அவள் நினைத்துவிட்டால்? ஏழைவிட எட்டு பெரிது. முப்பத்திரண்டு வருஷமாக அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. எந்தக் கம்பெனி வந்து அதை மாற்றிவிடும்? எட்டையே வாங்கினார்.

ஷெட்டில் மகள் முழங்கை வரை கிரீஸோடு நின்றாள். டப்பாவைக் கிழித்து நேரே பிளக்கை எடுத்தாள்.

"நம்பரைப் பாக்கலையாம்மா?"

"நீங்க வாங்கினதுதானே? பரீட்சைப் பேப்பரையே மூணு தடவை திருத்துற ஆளு."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சும்மா நிற்க முடியாமல் காலி டப்பா ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை. நம்பர் குறைந்த முனையில் நீலம், 'குளிர்'. நம்பர் ஏற ஏறச் சிவப்பு, 'சூடு'.

தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று டப்பாவைத் திருப்பினார். இல்லை. அச்சுப் பிழையா? அடுத்த டப்பாவிலும் அதேதான். எட்டு, சிவப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஏழைவிட எட்டு பெரிதுதான், ஆனால் எதில் பெரிது?

"நாலும் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கப்போறேன், தள்ளி நில்லுங்க."

அவள் அவரை நம்பி நம்பர்கூடப் பார்க்கவில்லையே, அதை எப்படி இப்போது கெடுப்பது? மகள் சாவியில் கை வைத்தாள்.

"நிறுத்தும்மா! நான் தப்பு பண்ணிட்டேன்."

அந்த வீட்டில் யாரும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. மகள் இறங்கி வந்து டப்பாவை வாங்கிப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கு ரெண்டாவது சுத்துலயே இஞ்சின் போயிருக்கும்ப்பா." டப்பாவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "தப்பு, பிளக் விஷயத்துல மட்டும்தானா?"

இதற்குப் பதில் மூன்று வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கிரீஸ் படிந்த அந்தக் கைகளைப் பார்த்தால் அதுவும் நிச்சயமில்லை.

"தெரியலம்மா," என்றார். "நெஜமாவே எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் அட்டவணையில் விரலை ஓட்டினாள். "நம்ம பழைய கம்பெனி எட்டுக்குச் சமம், இதுல நாலாம் நம்பர். கடை மூடுறதுக்குள்ள நான் போய் வாங்கிட்டு வந்துடுறேன். அதுக்குள்ள நீங்க நாலையும் கழட்டி வைங்க." பிளக் ஸ்பேனரை அவர் கையில் திணித்தாள்.

வாத்தியார் இஞ்சின் மேல் குனிந்தார். ஸ்பேனரை மாட்டினார். வாசல்வரை போய்விட்ட மகளைக் கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம்மா திருப்பணும்?"