உள்ளிருப்பவரோடு திரும்பப் பெறப்படும்

வசந்தாமணி நடத்திய பாடம் நன்றாகப் புரிந்துவிட்டதால், ராக்கியப்பன் தன் கம்பெனி இதுவரை விற்ற பனியன்களை எல்லாம் திரும்பப் பெற ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து.

திருப்பூரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் எழுபது பேரை லாரியில் ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் ஏற மறுத்த ஒரு டெய்லருக்குப் பல் மூன்று போனது. பல்லையும் பொறுக்கி லாரியிலேயே போட்டார்கள். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

வசந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. அவள் மேஜையில் இருந்த ஸ்கேல் கோடு போடுவதற்கு மட்டும்தான்.

அந்த வருஷம் சுழற்சிப் பொருளாதாரம் என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழில் நடத்துகிறவர்களுக்கும் ஒரே அறையில் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை. ஆகவே பனியன் கம்பெனி முதலாளி ராக்கியப்பன் வந்து, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறுபத்தோரு வயசு. முட்டி மடங்காததால் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டார். நாற்பத்தோரு பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் உரக்கச் சொன்னார்: "குப்பை என்று ஒன்று கிடையாது. செய்தவரே திரும்பப் பெற வேண்டும்."

பரீட்சையில் அவருக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. யாருமே தூங்காத பாடம் அது ஒன்றுதான். வசந்தாமணிக்கு அதில் ரொம்பப் பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அவள் கணவர் சென்னியப்பன் அப்போது அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குடிநீர்த் தொட்டியில் வால்வு திருப்புகிற வேலை அவருக்கு. அதிர்ந்து பேசத் தெரியாதவர். வேட்டியும் பனியனுமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் நின்றது. பின்னால் லாரி. எல்லார் கையிலும் கிரிக்கெட் ஸ்டம்ப்.

"குட் மார்னிங் டீச்சர்" என்று நாற்பத்தோரு குரலும் இழுத்தன.

"என்ன கண்ணு, இன்னைக்கு ஸ்கூல் இல்லியா?"

"இதுதானுங் ஸ்கூலு. செய்முறைத் தேர்வு" என்றாள் சஷ்மிதா. அவள் வகுப்பு லீடர். சட்டையில் அதற்கான பேட்ஜ் இருந்தது. "சாரை எடுத்துட்டுப் போக வந்தோமுங்."

"பனியனத்தான கேக்கறீங்க? கழட்டித் தரச் சொல்றேன், இரு."

சென்னியப்பன் சாப்பிட்ட கையைத் தூக்கிக்கொண்டார். வசந்தாமணி பனியனைப் பிடித்து மேலே இழுத்தாள். வரவில்லை. அக்குளில் இருந்த ஓவர்லாக் தையல் துணியை விட்டு இறங்கித் தோலுக்குள் போய், விலா நெடுகப் பொடிப்பொடியாக ஓடியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தபோது அவர் "ஆ" என்றார். ஒரு சொட்டு ரத்தம் சோற்றில் விழுந்தது.

சஷ்மிதா குனிந்து தையலைப் பார்த்தாள். "பதினொரு வருசமாப் போட்டிருக்காருங் டீச்சர். இனிப் பிரிச்சா ரண்டும் வீணாயிரும்."

"நா உண்டுட்டு வந்தர்றேன் கண்ணு" என்றார் சென்னியப்பன்.

"நேரமாச்சுங் சார்" என்று சொல்லி, சஷ்மிதா அவர் தோளில் அடித்தாள்.

நான்கு நான்கு பேராக வந்து அடித்தார்கள். ஒரு குழு ஓய்ந்ததும் அடுத்த குழு வந்தது. குழுவாகச் செயல்பட வசந்தாமணிதான் பழக்கியிருந்தாள். குறுக்கே விழுந்து ஒரு ஸ்டம்பைப் பிடித்தாள். யாரோ அவள் மணிக்கட்டைக் கடித்தார்கள். கடித்த பிள்ளை உடனே "சாரி டீச்சர்" என்றது. கையையும் காலையும் பிடித்து அவரைத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். தட்டில் மிச்சமிருந்த சோற்றையும் வழித்து எடுத்துக்கொண்டார்கள்.

லாரி கிளம்பியபோது சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"வசந்தா, அடுப்புல பால் இருக்குது. அணச்சுரு."

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வீட்டைப் பூட்டினாள். பஸ் ஏறினாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். வலது கை சல்யூட் வைத்தது. இடது கை அந்த வலது கையைத் தட்டிவிட்டது.

"வாங்க டீச்சர்" என்றார். "வராதீங்க டீச்சர்" என்றும் அவரே சொன்னார்.

"எதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணா."

"போன வாரம் வரைக்கும் நாங்க ரண்டு ஆளுங்க. நூலு பத்தலீன்னு ஒண்ணாப் போட்டுப் பின்னீட்டாங்க. இவன் நசியனூர்க்காரன். எனக்கு ஆகாது." சொல்லி முடிப்பதற்குள் இடது கை முஷ்டியை மடக்கி அவர் மூக்கிலேயே குத்தியது. மூக்கில் ரத்தம் கொட்டியது. "பாத்தீங்களா" என்றார் நசியனூர்க்காரர், அதே வாயால். தலையைச் சுவரில் மோதிக்கொள்ள ஆரம்பித்தார். இருவரில் யார் மோதுகிறார்கள் என்று தெரியவில்லை. வசந்தாமணி தாண்டிப் போனாள்.

உள்ளே நீள நடை. சுவரெல்லாம் வெள்ளைப் பனியன் துணி. அவள் நடக்க நடக்க எதிரே சுவரும் தரையும் பின்னப்பட்டுக்கொண்டே போயின. திரும்பிப் பார்த்தாள். அவள் கடந்த இடம் பிரிந்து, அந்த நூல்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் குதிகாலுக்கு அடியில் தரை போய்விடும். நிற்காமல் நடந்தாள். பாதத்தை நூல் அறுத்தது.

நடை முடிந்த இடத்தில் ஒரு கவுண்ட்டர். மரகதம் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்துட்டாங்க. சென்னியப்பன்."

"பிரிப்புச் சான்று வேணுமுங். அவரு வேற, பனியன் வேறன்னு." மரகதம் ஒரு படிவத்தை எடுத்தாள். "நாங் கேக்கறேன், நீங்க சொல்லுங். பனியன் இல்லாம அவரு கடைசியாப் பேசுன பேச்சு என்னங்க?"

வசந்தாமணி யோசித்தாள். பனியன் கழன்ற காலத்தில்கூடக் குளிக்கும்போது அவர் பேச மாட்டார். தூங்கும்போதும் பனியன் இருந்தது.

"ஞாபகம் இல்லீங்க."

"நனஞ்சாச் சுருங்குவாருங்களா?"

மாமியார் இறந்த அன்று ஆத்துப்பாளையம் சுடுகாட்டில் மழை. எரித்துவிட்டுத் திரும்பும்போது சென்னியப்பன் அவள் தோளளவுக்கு வந்துவிட்டார். அன்று ராத்திரி முழுதும் ஒரு தலையணை அகலத்துக்குள் படுத்திருந்தார். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"சுருங்குவாருங்க."

"அப்பப் பருத்திதானுங்." மரகதம் முத்திரையை எடுத்து வசந்தாமணியின் புறங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு ஒன்று முறிந்தது. 'ஒரே பொருள்' என்று ஊதா எழுத்தில் பதிந்தது. "நேராப் போங்க. பாத்துட்டு வேணாப் போலாம்."

மெஷின் இருந்த கூடம் வட்டமாக இருந்தது. பழைய துணியைப் பஞ்சாக்கும் மெஷின் அது. இரும்புப் பற்கள் வைத்த பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பனியன் போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவர் போனார். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் பஞ்சாகிவிட்டது. மறுபக்கம் நூல் வந்தது. நூலிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். கொஞ்சம் குட்டையாக, புதுப் பனியனில், கையைக் கட்டிக்கொண்டு.

பிள்ளைகள் ஸ்டம்போடு வரிசையைப் பார்த்துக்கொண்டார்கள். வரிசையில் சென்னியப்பன் நின்றார். அவருக்கு முன்னால் இருபத்து மூன்று பேர்.

ராக்கியப்பன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டீச்சர் வந்தால் எழுந்து நிற்பதுதான் அவர் வழக்கம்.

"வாங்க டீச்சர். எல்லாம் உங்க பாடந்தானுங்க."

அவருடைய வலது காது வேறு யாருடையதோ. அதில் ஒரு கல்தோடு இருந்தது.

"எங்கூட்டுக்காரர விட்டுருங்க."

"நானே ரண்டு தடவ உள்ள போயிட்டு வந்துட்டனுங்க. ஒண்ணும் ஆகறதில்ல. மொதத் தடவ கொஞ்சம் கத்துனேன்." தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முட்டி வலி போயிருச்சு. சம்சாரத்துப் பேருதான் மறந்துபோச்சுங்க. இருந்தாலும் மொத்த எடை கொறையல பாருங்க. கொறையாதுன்னு நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்க."

"நா மனுசங்களச் சொல்லல."

"மனுசங்கள விட்டுருங்கன்னும் சொல்லலீங்களே டீச்சர்."

அது உண்மை. பாடக்குறிப்பில் அப்படி ஒரு வரி இல்லை. உருளை இன்னொருவரை எடுத்துக்கொண்டது. வரிசை நகர்ந்தது. சென்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

வசந்தாமணி ராக்கியப்பன் முன்னால் போய் நின்றாள்.

"ராக்கியப்பன், நேரா நில்லுங்க" என்றாள், வகுப்பறைக் குரலில். அவர் நேராக நின்றார். "இந்தப் பாடத்தச் செஞ்சது யாரு?"

"நீங்கதானுங் டீச்சர்."

"செஞ்சவங்க என்ன பண்ணோணும்?"

அவர் நியாயஸ்தர்தான். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். "திரும்ப வாங்கிக்கோணுமுங்" என்றார்.

"குடுங்க. நா நடத்துனத நானே வாங்கிக்கறேன்."

"எப்பிடிங்க குடுக்கறது?"

சஷ்மிதா முன்னால் வந்தாள். "பாடம் பொடனிக்கு உள்ளாற இருக்குதுங் டீச்சர். அடிச்சா வந்துருமுங்." தன் ஸ்டம்பை நீட்டினாள்.

முறியாத கையால் வசந்தாமணி அதை வாங்கினாள். ராக்கியப்பன் குனிந்து பிடரியைக் காட்டினார். காலரை அவரே மடக்கிக்கொண்டார்.

அவளுக்குக் கை எழும்பவில்லை. ஸ்டம்ப் அப்படியே நின்றது. உருளை சுற்றியது. வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்றாள், அதுவும் பஞ்சாயிற்று. வசந்தாமணி அடித்தாள்.

ராக்கியப்பன் வாயிலிருந்து ஈரச் சாக்பீஸ் மாதிரி ஒன்று விழுந்தது. பாடம். அதோடு நிற்கவில்லை. சாவிக்கொத்து விழுந்தது. கையெழுத்து விழுந்தது. கடைசியாக ஊர்ப் பெயர் விழுந்து உடைந்தது. அவர் தரையில் உட்கார்ந்து சுற்றும் பார்த்தார்.

"நல்லாருக்குதே. இங்க கம்பெனி நடத்தறது யாருங்க?"

"நாங்கதானுங்" என்றாள் சஷ்மிதா.

மெஷின் நிற்கவில்லை.

"நிறுத்து சஷ்மிதா."

"எங்ககிட்டயும் பாடம் இருக்குதுங்களே டீச்சர். நாப்பத்தோரு பேர்த்துகிட்டயும். மொத்தமும் திரும்பி வந்தாத்தானே கணக்கு முடியும்?" அவள் குறும்பாகச் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. திரும்பி ஒரு விசில் அடித்தாள். பிள்ளைகள் ஸ்டம்புகளைக் கீழே வைத்துவிட்டு, ரோல் நம்பர்ப்படி வரிசையில் வந்து நின்றார்கள்.

முதல் நம்பர் அபிநயா. வகுப்பிலேயே குள்ளம். மழை பெய்தால் தூங்கிவிடுவாள். இரட்டைச் சடையைப் பிடித்து முன்னால் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"வலிக்குமுங்களா டீச்சர்?"

"வலிக்கும்" என்றாள் வசந்தாமணி.

"வசந்தா!" சென்னியப்பன் கத்தினார். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. "புள்ளைங்கள அடிக்காத. நா போயிக்கறேன். அதென்ன, சுத்தி வரப்போறேன், அவ்வளவுதான."

"சும்மா இருங்க."

"நீ அடிக்கறவ இல்ல வசந்தா."

அவள் அடித்தாள். அபிநயா முன்னால் போய் விழுந்தாள். பாடம் விழுந்தது. பின்னாலேயே ஏழாம் வாய்ப்பாடு விழுந்தது. வீட்டுக்குப் போகிற வழி சுருள் சுருளாக வந்தது. அவளுடைய அம்மாவின் முகம் நெளிந்த அலுமினியத் தட்டுப் போல உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது.

அபிநயா எழுந்தாள். உதட்டில் ரத்தம். நடந்து போய் அந்த முகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருதுங் அக்கா?"

டீச்சர் என்று கூப்பிடவில்லை. அபிநயா அந்த முகத்தைப் பக்கத்து மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பிள்ளைகள் யாரும் ஓடவில்லை. ஓடினால்கூடப் பரவாயில்லை என்று வசந்தாமணி நினைத்தாள்.

உருளை இன்னொருவரை எடுத்துக்கொண்டது. அவள் எண்ணிப் பார்த்தாள். சென்னியப்பனுக்கு முன்னால் பத்தொன்பது பேர். அவளுக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள்.

"பத்தாதே" என்றாள், தனக்குத்தானே.

"வேகமா அடிச்சாப் பத்துமுங் டீச்சர்" என்றாள் சஷ்மிதா.

சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த ஒரு கண்ணில் நீர் இறங்கியது. பிறகு அவர் மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, மெஷினைப் பார்த்து நின்றுகொண்டார்.

வசந்தாமணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஸ்டம்பை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தாள்.

"அடுத்தது" என்றாள்.

இரண்டு வரிசையும் நகர்ந்தன.