தொடைநடுங்கியும் என் மூளைப் படமும்

என் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அப்படியிருந்தும் எனக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிற்று என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டுக்காரன் முதல் வேலையிடத்து மேற்பார்வையாளர் வரை எல்லாரும் ஒரு மாதிரி தலையாட்டினார்கள். கிருமியால் வந்தது என்று விளக்கப் போனால் இன்னும் பலமாக ஆட்டினார்கள். இந்த அறிவாளிகளிடம் பேசுவதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் கிரேன் ஓட்டுகிறவன். உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்து, டன் கணக்கில் கம்பிக்கட்டைத் தூக்கி, சொன்ன இடத்தில் இறக்குகிறவன். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை மறுபடியும் மேலே ஏற வேண்டும். கல்லீரல் டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதோடு வாயை மூடியிருக்கலாம். கல்லீரல் நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள் என்றார். வயிற்றில் கோளாறு என்றால் மண்டையைப் படம் பிடிப்பார்களாம். என் மனைவி விடாமல் நச்சரித்ததால் போனேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத சொந்தக்காரர் ஒருவரும் வேண்டுமாம். அதற்கு என் மனைவியின் தம்பி வந்தான். வேலையிடத்தில் எனக்குக் கீழே நின்று கையால் சிக்னல் கொடுப்பவனும் அவன்தான். 'நிறுத்து' என்று அவன் கையை நீட்டினால் நான் நிறுத்த வேண்டும். வேலை தெரிந்தவன்தான், ஆனால் தைரியம் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. விடுப்புக்கு முன் சில மாதங்களாக, சுமை இறங்க ஆரம்பித்தாலே பூனையைக் கண்ட எலி மாதிரி ஒதுங்குவான். தொடைநடுங்கி என்று நான் பெயர் வைத்தேன். வேலையிடம் முழுக்க அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பான்.

ஆராய்ச்சி டாக்டர் என் மகள் வயதுப் பெண். பெல்ட், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்ற வைத்து என்னை ஒரு குழாய்க்குள் தள்ளினாள். உள்ளே கான்கிரீட் மிக்சரில் தலையை விட்டதுபோல் சத்தம். கையில் ஒரு பொத்தான், கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் பச்சை வட்டம் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், உடனே சிவப்புக் குறி வந்துவிட்டால் அழுத்தாமல் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். பாலர் பள்ளி விளையாட்டுக்கு இத்தனை கோடியில் ஒரு மெஷின், அதற்கு நடுங்கவைக்கும் ஏசி வேறு. ஒன்றுகூட விடாமல் செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மைத்துனன் போய்ப் படுத்தான்.

முடிந்ததும் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். அவன் மூளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் வண்ணம். என்னுடையதில் பாதி மண்டை பளிச்சென்று எரிந்தது. யாருக்கு மூளை அதிகம் என்று இப்போதாவது தெரிகிறதா என்று அவனை இடித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவன் சும்மா செய்த வேலையைச் செய்ய என் மூளை அத்தனை இடத்தையும் போட்டு முக்கியிருக்கிறது என்றாள். கல்லீரல் சுத்தம் செய்யாத கழிவு ரத்தத்தோடு மூளைக்குப் போய் அதை மந்தமாக்குகிறதாம். பேச்சில் தெரியாதாம், எனக்கே தெரியாதாம். சிவப்புக் குறி வந்த பிறகும் பல தடவை நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேனாம்.

"மருந்து இருக்கு, சரியாக வாய்ப்பும் இருக்கு. அதுவரைக்கும் கிரேன்ல ஏறாதீங்க" என்றாள். "உங்க கம்பெனிக்கு நான் சொல்ல மாட்டேன். முடிவு உங்க கையிலதான்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கிரேன் கூண்டை ஏறிட்டுக்கூடப் பார்த்திராத பெண் யாருக்குக் காது குத்துகிறாள்? அவளையும் வெளியே வரச் சொன்னேன். நடையில் ஒரு காலிச் சக்கர நாற்காலி நின்றது. அதை இழுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனேன். நடுவில் தரை டைல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மைத்துனனை அதன்மேல் நிற்கச் சொன்னேன். நான் தள்ளிக்கொண்டு வருவேன், நீ கையை நீட்டு, அந்த இடத்திலேயே நிறுத்துகிறேன், டாக்டரம்மா கண்ணால் பார்க்கட்டும் என்றேன்.

வேகமாகத்தான் தள்ளினேன். அவன் கை நீண்டது. நிறுத்தினேன். வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தால், அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். குனிந்து பார்த்தேன். நாற்காலியின் முன் சக்கரம் விரிசல் விட்ட டைலைத் தாண்டி நின்றது.

"ஏன்டா நகர்ந்த?" என்றேன்.

அவன் டாக்டரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "பழகிடுச்சு மாமா. கொஞ்ச மாசமாவே நீங்க லேட்டாத்தான் நிறுத்துறீங்க. அதனால நான் முதல்ல ஒதுங்கிட்டு அப்புறம்தான் கை காட்டுறது."

ஊரே தொடைநடுங்கி என்று சிரித்தபோது வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், பயமாக இருந்தால் வேறு கிரேனுக்கு மாற்றிக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"நான் மாறிட்டா அங்க வேற ஒருத்தனை நிறுத்துவாங்க மாமா" என்றான். "அவனுக்கு ஒதுங்கணும்னு தெரியாதே."

டாக்டர் உள்ளே போய்விட்டாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது இன்னும் நடக்கப் பழகவில்லை. அவன் நின்ற இடத்தில் எத்தனை தடவை கம்பிக்கட்டை இறக்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவனோ, திங்கட்கிழமை நான் ஏறினால் தானே கீழே நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். தலை சரியில்லை, மருந்து சாப்பிட்டுக் குணமாகும்வரை ஏற மாட்டேன் என்றேன். அவர் அதற்கும் ஒரு மாதிரி இழுத்தார். அந்தத் தலையாட்டல் போனிலேயே தெரிந்தது. சரி, வேறு ஆள் போடுகிறேன் என்றவர், கீழே அதே தொடைநடுங்கிதானே என்று கேட்டார்.

"அவனை அப்படிக் கூப்பிடாதீங்க. அந்தப் பேரை வச்சவன் ஒரு வடிகட்டின முட்டாள்."

"நீங்கதானேய்யா வச்சீங்க?"

"ஆமா. அந்த முட்டாள்தான் பேசறேன்."