போயிட்டு வாரேன் சொல்லக் கூடாத தீவுகள்

ஒரே ஒரு கடலாம். அந்தக் கடலுக்கு மூன்றே மூன்று தீவுகளாம். மூன்றுக்கும் காது நன்றாகக் கேட்குமாம்.

தாழைத்துறையிலிருந்து படகேறி அந்தத் தீவுகளைப் பார்க்கப் போகிறவர்கள், கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் தீவு நம்பிவிடும். பொழுது சாயும் வரை காத்திருக்கும். ஆள் வரவில்லையென்றால், பாவம், என்ன ஆயிற்றோ என்று தேடிக்கொண்டு கிளம்பிவிடும். போன சித்திரையில் ஒரு தீவு அப்படித்தான் ஒரு ஆடிட்டரைத் தேடி எட்டயபுரத்தைத் தாண்டிப் போய்விட்டது. டோல்கேட்டில் எந்த வண்டிக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆடிட்டர் வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் திரும்பிப் போயிற்று.

ஆகவே ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். ஆவுடையப்பன், பேராச்சி, நான். கோவில்பட்டியில் பாலிடெக்னிக் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஆவுடை போன் ரிப்பேர் பார்க்கிறான். பேராச்சி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். நான் வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மூவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது, வந்துவிட்டோம்.

எங்களுக்கு வழிகாட்டி புளோரன்ஸ் அக்கா. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, சட்டையில் பேட்ஜ், தலையில் துண்டு. படகையும் அவரே ஓட்டுவார். இன்ஜினைத் தட்டுவதற்கு முன்னால் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பழக்கினார்.

“என்ன சொல்லணும்?”

“போறேன்” என்றாள் பேராச்சி.

“மூஞ்சியக் கொஞ்சம் திருப்பிக்கிட்டுச் சொல்லு பாப்பா. பாசமாச் சொன்னா அதையும் நம்பிரும்.”

பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். நானும் சொன்னேன். ஆவுடை வாயைத் திறந்தான். “போ...” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “போ... போயிட்டு வாரேன்” என்றான்.

“ஏல, மொதப் பாதியோட நிறுத்துல” என்றாள் பேராச்சி.

“நிக்க மாட்டேங்கு. எங்க வீட்ல ‘போறேன்’னு சொல்லிட்டா எங்கம்ம திரும்பக் கூப்பிட்டு ஒக்கார வச்சு, தண்ணி குடுத்து, மறுபடி மொதல்லேருந்து கெளம்பச் சொல்லுவா. அப்படியே ஒரு பரீட்சை போச்சு எனக்கு.”

“அதுல எழுதி மட்டும் கிழிச்சிருப்பியோ?”

புளோரன்ஸ் அக்கா சிரிக்கவில்லை. “தம்பி, என் படகுல வந்த ஆளுகளைத் தேடி ஏற்கெனவே ரெண்டு தடவை தீவு கரையேறிட்டு” என்றார். “மூணாவதா ஒண்ணு ஏறிச்சின்னா பேட்ஜக் கழட்டி வாங்கிட்டு டிக்கெட் கவுன்டர்ல போட்டுருவாவ. அந்த ரூமுக்குக் கடல் பக்கம் ஜன்னலே கெடையாது.”

ஆவுடைக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். கோவில்பட்டிக்காரன் ஊர் விட்டு ஊர் போனால் கடலைமிட்டாய் இல்லாமல் போவதில்லை. “கெளம்புற நேரம் வாய் நெறையப் போட்டுக்கிடுதேன் அக்கா. பல்லுல ஒட்டிக்கிட்டா பேச்சு வராது” என்றான். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு இன்ஜினைத் தட்டினார்.

முதலில் தென்னந்தீவு. வயதான தீவு, விருந்தோம்பல் அதிகம். நாங்கள் மணலில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு இளநீர் மடிக்குப் பக்கத்தில் மெதுவாக இறங்கியது. நிழல் பத்தாது என்று பின்வரிசை மரங்கள் தங்கள் நிழலையும் முன்னால் கொடுத்தன. பேராச்சிக்கு வயிறு நிறைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று மிச்சத்தை ஒரு மரத்தின் தூரில் ஊற்றினாள். தீவு பார்த்துவிட்டது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இனிப்பாக ஒன்றை இறக்கியது. அதையும் குடித்தாள்.

கிளம்பும்போது நானும் பேராச்சியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘போறேன்’ என்றோம். ஆவுடை இரண்டு கன்னமும் உப்ப நின்றான். மரங்கள் நிழலைச் சுருட்டி எடுத்துக்கொண்டன.

“கோவமா அக்கா?”

“கொஞ்ச நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கும். அடுத்த படகு வந்தாச் சரியாயிரும்.”

இரண்டாவது மணல் தீவு. அது தண்ணீர் வற்றும் நேரம் உடை மாற்றுகிற தீவு. “எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. இங்க பவளம் இருக்கு, பச்சை மீன் இருக்கு, அதப் பாருங்க. நான் சொல்லுத வரைக்கும் அந்தப் பக்கம் பாக்கக் கூடாது” என்றார் அக்கா. பவளத்தைப் பார்த்தோம், மீனைப் பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் மணல் சரசரவென்று மடிப்புக் கலையும் சத்தம் கேட்டது. திரும்பியபோது தீவு வெளிர் மஞ்சளில் நின்றது. ஓரத்தில் கிளிஞ்சல் கரை.

“எடுப்பா இருக்கு” என்றாள் பேராச்சி. தீவு இன்னும் கொஞ்சம் தண்ணீருக்கு மேலே வந்து காட்டியது.

இந்தத் தீவிடம் ஒருமுறை சாத்தூர்க்காரர் ஒருவர் ‘அப்ப நான் வரட்டுமா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். என்ன பதில் சொல்வது என்று தீவு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஆவுடை இங்கேயும் வாய் நிறையப் போட்டுக்கொண்டான். நல்லபடியாக ஏறினோம்.

மூன்றாவது குட்டித் தீவு. போன மழைக்கு முந்தின மழையில்தான் பிறந்தது. நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும். ஒரே ஒரு தாழம்புதர், அதுவும் இன்னும் பூக்கவில்லை. ஆள் வந்து பழக்கமில்லாததால் நாங்கள் இறங்கியதும் வெட்கப்பட்டு அரையடி பின்னால் நகர்ந்தது. ஆவுடை ஒரு சிப்பியைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தான். தீவு அதைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டது. மறுபடி எறிந்தான். மறுபடி கொண்டுவந்தது. இப்படியே வெகுநேரம்.

“தின்னுதியால?” என்று கேட்டு ஒரு கடலைமிட்டாயை மணலில் வைத்தான். மணல் குழிந்தது. மிட்டாயைக் காணோம். இன்னொன்று வைத்தான். அப்புறம் இன்னொன்று. புளோரன்ஸ் அக்கா “நேரமாச்சு” என்று எழுந்தபோது பொட்டலம் காலி.

நானும் பேராச்சியும் ‘போறேன்’ சொல்லிவிட்டுப் படகில் ஏறினோம். ஆவுடை குனிந்து மணலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“போ...” என்றான் ஆவுடை. காலிப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு, “போயிட்டு வாரேன், என்ன?” என்றான்.

அந்த ‘என்ன?’ வேறு. தீவு அசையாமல் நின்றது.

“போச்சு” என்றார் அக்கா. ஆனாலும் அவர் அனுபவசாலி. “சொன்னதச் செஞ்சுட்டா முடிஞ்சிது. போயிட்டு வந்துருவோம்” என்று படகைக் கொஞ்ச தூரம் ஓட்டித் திரும்பி வந்தார். ஆவுடை இறங்கினான். தீவுக்கு ஒரே சந்தோஷம். சிப்பியைத் தயாராக எடுத்து வைத்திருந்தது. சொன்ன சொல் நிறைவேறிவிட்டது, கணக்குத் தீர்ந்தது. இனி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ஏற வேண்டியதுதான்.

“போயிட்டு வாரேன்” என்றான் ஆவுடை.

மறுபடி போனோம். மறுபடி வந்தோம். அடுத்த முறை பேராச்சி தன் துப்பட்டாவால் அவன் வாயைக் கட்டினாள். அவன் கையை ஆட்டினான். கைக்கும் அதே அர்த்தம்தான்.

“ஏல கூறுகெட்டவனே, கையையும் சேத்துக் கட்டணுமால ஒனக்கு?”

டீசல் குறைந்துகொண்டு வந்தது. வெயிலும் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அக்கா கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் நான் பின்னால் பார்த்தேன். குட்டித் தீவு வந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று நின்று, எப்போதும் அங்கேயே இருப்பதைப் போல நின்றது. முன்னால் திரும்பிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நின்றது.

அக்கா பேட்ஜைக் கழற்றிப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். பையில் போட்டுக்கொண்டார். “அந்த ரூம்ல ஃபேன் உண்டு” என்றார், எங்களுக்கு ஆறுதலாக.

கரையில் படகுத்துறை மேலாளர் அருளப்பன் அண்ணாச்சி குடையோடு நிற்பது தெரிந்தது. மாலையில் அவர் அப்படித்தான் நின்று படகுகளை எண்ணுவார்.

பேராச்சிதான் கேட்டாள். “அக்கா, தேடிக்கிட்டு வந்தாத்தான தப்பு? நாமளே கூப்பிட்டு வந்தா?”

அக்கா இன்ஜினைக் குறைத்தார். “கூப்பிட்டு வந்தா விருந்தாளி. விருந்தாளி வாரதுக்கு விதி ஒண்ணும் கெடையாது. ஆனா இதுவரைக்கும் எவனும் ஒரு தீவைக் கூப்பிடலையே.”

ஆவுடை பின்பக்கம் ஏறி நின்றான். துப்பட்டாவை அவிழ்த்துப் போட்டான். “ஏல, எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வார? வா, எங்ககூடவே வா! வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ!” என்றான். பிறகு, அழைப்பதென்றால் முறையாக அழைக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், கையைக் கூப்பி, “அவசியம் குடும்...” என்று ஆரம்பித்தான்.

அக்கா பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினார். “குடும்பத்தோடன்னு சொல்லிராத! மூணும் கெளம்பி வந்துரும்!”

தீவு இப்போது ஒளியாமல் வந்தது. படகுக்குப் பக்கத்திலேயே, தாழம்புதரைச் சரிசெய்துகொண்டு.

துறையில் அருளப்பன் அண்ணாச்சி எங்களையும் பார்த்தார், தீவையும் பார்த்தார்.

“என்ன புளோரன்ஸ், மூணாவதா?”

“இது விருந்தாளி அண்ணாச்சி.”

“யாருக்கு?”

“எனக்கு” என்றான் ஆவுடை.

“சரி. விருந்தாளின்னா கை நனைச்சிருக்கணும். சாப்பிட்டுச்சா?”

“இனிமத்தான்.”

“பொழுது அடையுததுக்குள்ள சாப்பிட்டுச்சின்னா விருந்தாளி. இல்லைன்னா அது தேடி வந்ததுதான். பேட்ஜக் குடுத்துட்டுப் போ” என்று குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் வேலை அது.

பேராச்சியின் டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் பாதி இருந்தது. டீக்கடையில் ஒரு வாழையிலை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். கரையோரம் விரித்தோம்.

“சாப்பிடுதியா?” என்று கேட்டான் ஆவுடை.

தீவு ஒரு அலை பின்வாங்கியது. வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று.

“கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?”

இன்னொரு அலை பின்வாங்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே சாப்பிட்டாயிற்று என்று.

“பசிக்கலையோ?” என்றான் ஆவுடை எங்களைப் பார்த்து. ஊர்ப் பக்கம் சூரியன் பனைமரங்களின் தலையைத் தொட்டது. புளோரன்ஸ் அக்கா பையிலிருந்து பேட்ஜை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஒரு வாயாவது?”

தாழம்புதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அருளப்பன் அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

“என்னய்யா உபசரிக்கீங்க நீங்க?” என்று குடையைக் கீழே போட்டார். “கேட்டுக்கிட்டா வைக்கது? கேட்டா எந்த விருந்தாளி வேணும்பான்? தள்ளுங்க!” டப்பாவை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சாதத்தை அள்ளி இலை நிறைய வைத்தார். “புளோரன்ஸ், டீக்கடையில ஊறுகா இருக்கான்னு பாரு. அப்பளம் இருந்தா ரெண்டு பொரிக்கச் சொல்லு. வந்த புள்ள வெறும் சோத்தையா திங்கும்?”

மணல் குழிந்தது. சாதம் குறைந்தது. அண்ணாச்சி மறுபடி வைத்தார். போதும் என்று தீவு இலை மேல் கொஞ்சம் தண்ணீரைக் கொண்டுவந்து மறைத்தது. தண்ணீரை ஒதுக்கிவிட்டு மறுபடியும் வைத்தார். கடைசியாக, அப்பளத்தையும் முடித்துக்கொண்டு, தீவு இலையைத் தன் பக்கமாக மடித்தது. அப்படி மடித்தால் உறவு தொடரும் என்று அர்த்தம். யார் பழக்கினார்களோ தெரியவில்லை.

அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டு திரும்பினார். “பேட்ஜ எதுக்குக் கையில வச்சிருக்க? சட்டையில குத்து. விருந்தாளி முன்னால இப்படியா நிக்கது?”

புளோரன்ஸ் அக்கா பேட்ஜைக் குத்திக்கொண்டார். முதலில் தலைகீழாகக் குத்திவிட்டு, பிறகு சரியாகக் குத்தினார்.

தீவு தன் இடத்துக்குக் கிளம்பியது. இந்த முறை போகிறது அது, நிற்கிறவர்கள் நாங்கள். ஆகவே ஆவுடைக்குச் சிரமமே இல்லை. “போயிட்டு வா” என்றான். எல்லோரும் சொன்னோம்.

அது போன பிறகுதான் பார்த்தோம், வெறுங்கையோடு வந்திருக்கவில்லை. அது நின்ற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, கொஞ்சம் மத்தியானத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. சுற்றிலும் இருட்டிக்கொண்டு வந்தது, அங்கே மட்டும் உச்சி வெயில். அண்ணாச்சி தொட்டுப் பார்த்து, “நல்ல சூடு” என்றார். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“நீங்க வச்சிக்கிடுங்க அக்கா” என்றான் ஆவுடை. “எங்க ஊர்ல இது நெறையக் கெடக்கு.”

பேராச்சி ஒரு முனையைப் பிடித்தாள், அக்கா மறுமுனையை. உதறி, நாலாக மடித்தார்கள். எங்கள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

புளோரன்ஸ் அக்கா மடித்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் போகிற இடமெல்லாம் வெயில் அடித்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வடகத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். எல்லோர் தட்டும் ஒரு பக்கமாவது காயட்டும் என்று அக்கா மெதுவாக நடந்து போனார்.