முட்டைக்கு வந்த காய்ச்சல்

தன் தொண்டையிலிருந்து போன காய்ச்சல் கோலாலம்பூரில் ஒரு கோழிமுட்டைக்குத் தொற்றி, முட்டை படுத்த படுக்கையாய்க் கிடந்தது என்று மாயாண்டி லுக்குட் சாப்பாட்டுக் கடையில் சொன்னார். அதற்குக் கம்பளி கூடப் போர்த்தினார்களாம். கடைக்கார ஹாஜா மைதீன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் பாதி தரைக்குப் போனது. தங்கராஜு மட்டும் சிரிக்கவில்லை. அவன் மாயாண்டிக்கு அடுத்த வீட்டுக்காரன், சுவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசை.

"முட்டைக்கு ஏதுண்ணே காய்ச்சல்? சும்மா இருங்கலா."

மாயாண்டி சும்மா இருக்கிற ஆளா? அந்த ஐம்பத்தேழாம் வருஷக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

புதுக் காய்ச்சல் வந்தபோது லயத்தில் இருமிய இருமலில், முள்வேலிக்கு அப்பால் காட்டிலிருந்த புலியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பகாங்குக்கே போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பாதிச் சனம் வரவில்லை. காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கும் அவசரகாலம் அல்லவா, வேலைக்கு வராவிட்டால் வேலைநிறுத்தம், வேலைநிறுத்தம் என்றால் காட்டுக்காரன் தூண்டுதல். காய்ச்சல்தான் என்று டாக்டர்கள் சோதித்துச் சொன்னால் லீவு, இல்லையென்றால் எல்லோரும் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகவேண்டும், போகாதவனுக்குப் போலீஸ் லாரி என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அமிர்தலிங்கம் போத்தல்களோடு வந்தார். மருந்துத் தண்ணீரைத் தொண்டையில் கொப்பளித்துப் போத்தலில் துப்ப வேண்டும். அது ஐஸில் கோலாலம்பூர் போகும். அங்கே அதைக் குஞ்சு வளரும் முட்டைக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். கிருமி இருந்தால் முட்டைக்குள் பெருகும், அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

முட்டை சங்கதி யாரையும் உறுத்தவில்லை, எச்சில்தான் உறுத்தியது. முன்பின் தெரியாத டாக்டர் கையில் எச்சிலைக் கொடுப்பதா? லயமே கரித்தூளால் பல் விளக்கி, கொதித்த உப்புத் தண்ணீரால் தொண்டை காந்தக் காந்தக் கொப்பளித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றது. தங்கராஜு தன் மனைவி செல்லம்மாளுக்கு அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்துக் கொடுத்தான். காய்ச்சலில் நிற்க முடியாதவளைத் தாங்கிப் பிடித்துக் கழுவ வைத்தான். போத்தல்களெல்லாம் இளநீர் போலத் தெளிவாக இருந்தன. இப்படிச் சுத்தமான சனத்தைக் கண்டதில்லை என்று டிரெஸ்ஸருக்கே பெருமை. தோட்டத்து வாசலில் காவல்காரன் ஐஸ் பெட்டியைத் திறந்து, காட்டுக்காரனுக்குக் கஞ்சி போகிறதோ என்று மூக்கைவிட்டு மோந்து பார்த்தான். மாயாண்டி கணக்கில் அவனுடைய மூக்கு இன்றைக்கும் உறைந்துதான் இருக்கிறது.

முட்டைகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சாதாரணச் சளி என்றார் துரை. செல்லம்மாள் காய்ச்சலோடே மழை ஈரத்தில் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது.

அவளை எரித்துவிட்டு வந்த பிறகுதான் டிரெஸ்ஸர் ஒவ்வொருவராகக் கேட்டார், எப்படிக் கொப்பளித்தீர்கள் என்று. பதிலைக் கேட்டதும், கிருமியைக் கழுவிக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரையா துப்பினீர்கள் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். புதிதாகப் படுத்திருந்த மாயாண்டியை, குழாயடிக்கே போகவிடாமல், பாயில் கிடந்தபடியே போத்தலில் துப்ப வைத்தார். அந்த முட்டைதான் காய்ச்சலில் விழுந்தது. சேதி வந்த மறுநாளே லயம் முழுவதற்கும் லீவு.

"கம்பளி போர்த்தி, கஞ்சி ஊத்தி..." என்று தொடங்கிய மாயாண்டி, தங்கராஜுவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்ல அவருக்குத் தைரியம் வந்ததே இல்லை. கடையில் யாரோ ஒருவர் இதெல்லாம் புளுகு என்று எழுந்தார்.

தங்கராஜு ஆறிப்போன கோப்பையை நகர்த்தி வைத்தான்.

"புளுகு இல்லலா. முட்டைக்குக் காய்ச்சல் வந்துச்சு. டிரெஸ்ஸர் வந்து சொன்னப்ப நானும் நின்னேன். நான் சுடுதண்ணி வைக்காம இருந்திருந்தா, அவ முட்டைக்குத்தான் முதல்ல வந்திருக்கும்."