வாடையில்லாத தள்ளாட்டம்

சங்கிலிப்பாண்டி தள்ளாடியபடி தென்காசிச் சந்தையைக் கடக்கையில் போலீஸ்காரரின் லத்தி அவன் கெண்டைக்காலில் இறங்கியது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். தள்ளாடுகிறவனெல்லாம் குடிகாரன்தான்.

அவன் பெண்டாட்டி முத்துவடிவு வாயை மோந்து பார்த்தாள். புகையிலை வாடை மட்டுமே. நெல் மூட்டை சுமந்தே பிழைத்தவனுக்கு இப்போது சும்மாடு சுற்ற விரல் வளையவில்லை. சட்டைப் பொத்தானை அவள்தான் மாட்டிவிட்டாள். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தான். தலை குனிந்தால் முதுகில் கரண்டு ஓடுகிறது என்றான்.

"ஏட்டி, ஒம் மாப்ள குடிச்சிட்டு ஆடுதான். ஒனக்கு மூக்கு அடச்சிருக்கு" என்றான் அவள் அண்ணன் கடற்கரை. அவனும் சந்தையில் சுமை தூக்குகிறவன்.

"நீயே மோந்து பாரு. அவரு வாயவிட ஒன் வாய்தான் நாறுது."

பாளையங்கோட்டை டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். கால் எகிறியது. உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது.

"கழுத்தெலும்பு தேஞ்சு உள்ள இருக்க தண்டுவடத்த நெரிக்குதும்மா. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணணும். அதுவரைக்கும் தலையில சுமை கூடாது. யாரும் கழுத்துல கை வைக்கக் கூடாது."

பிள்ளைகளைக் கடையத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு, மெட்ராஸ் கிளம்ப அவள் திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது. குடிகாரனையும் பைத்தியத்தையும் அருவியில் பிடித்து நிறுத்தித் தெளிய வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அண்ணன் கடற்கரை, ஆட்களோடு வந்து அவள் புருஷனைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனதாகப் பக்கத்து வீட்டார் சொல்ல, அவளும் ஓடினாள்.

ஐந்தருவியில் சீசன் தண்ணீர் கல் விழுவதுபோல் விழுந்தது. கடற்கரை சங்கிலிப்பாண்டியின் பிடரியைப் பிடித்து அமுக்கி, தலையை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தான். திமிறியவனின் வாயில் ஒருவன் குத்தினான். ரத்தத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போயிற்று.

"அண்ணே, கழுத்த விடு!"

அருவி இரைச்சலில் அவள் குரல் எடுபடவில்லை. அவள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவன் கைகள் நனைந்த கயிறாகத் தொங்கிவிட்டன. பாறையில் இழுத்துப் போட்டார்கள்.

"ஏலே எந்திரி, நடிக்காத!" கடற்கரை இடுப்பில் மிதித்தான்.

"மச்சான், மிதிக்கியளா? சத்தம் கேக்கு. வலி தெரியலியே."

முத்துவடிவு கல்லெடுத்து அண்ணன் முகத்தில் அடித்தாள். பல் உடைந்து விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவுமில்லை.

"யாரும் அவர அசைக்காதிய. பலக கொண்டாங்க!"

கடற்கரை ரத்த வாயோடு ஓடினான். அவள் குந்தி, இரண்டு கையாலும் புருஷன் தலையை நேராகப் பிடித்துக்கொண்டாள். அவன் நெஞ்சு அசையவில்லை. வயிறு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கிற்று. பிறகு எப்போதாவது ஏறிற்று.

பெஞ்சுப் பலகையோடு அண்ணன் வந்தபோதும் அவள் பிடியை விடவில்லை. வயிறு நின்றிருந்தது.